ஒற்றைக் குரலுக்குப் போக இருந்த சுரைக்கொடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கையெழுத்துப் போடுவேன், பேப்பர் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் விழுப்புரம் பக்கம் வந்து என்னைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். எந்தச் செங்கல் சூளையில் மண் சுமக்கிற கூலியாகச் சேர்ந்தேனோ, அதே சூளையைப் பிற்பாடு விலைக்கு வாங்கியவன். வாங்கிய முதல் வருஷமே கோடை மழை வந்து, அறுத்து அடுக்கி வைத்திருந்த பச்சைக்கல் முழுவதையும் கரைத்துக்கொண்டு போனது. ஊரே வந்து துக்கம் விசாரித்தது. நான் அந்தச் சேற்றையே திரும்பப் பிசைந்து கல் அறுத்தேன். அதன் பிறகு லாரி வந்தது, ரைஸ் மில் வந்தது, குளிர்சாதன வசதியோடு கல்யாண மண்டபம் வந்தது. கடன் கேட்டுப் போன நாளில் உட்காரக்கூடச் சொல்லாத பேங்க் மேனேஜர், தன் மகள் கல்யாணத்துக்கு என் மண்டபத்தில் தேதி கேட்டு வந்து நின்றார். நான் நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து, தேதியும் கொடுத்தேன். என் பையனை இன்ஜினீயருக்குப் படிக்க வைத்து அமெரிக்காவுக்கு அனுப்பியதும் இந்தக் கைதான்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஏலம் என்றால் என்னவென்று தெரியாமல் கை தூக்கிய ஆள் இல்லை. அதை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும்.

இது போன வருஷம் வசந்த காலத்தில் நியூ ஜெர்சியில் நடந்தது. மனைவி காலமான பிறகு மகன் எனக்கு கிரீன் கார்டு எடுத்து, பிஸ்கட்டவேயில் தன் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. சீனத்துப் பழம்பொருள். நீலப் பூப்போட்ட பீங்கான் ஜாடி, சுருட்டி வைக்கிற படம், உள்ளங்கையில் அடங்குகிற மூக்குப்பொடிக் குப்பி என்று எதையாவது ஏலத்தில் எடுத்துக்கொண்டே இருப்பான்.

"உங்க பையன் சம்பளம் எங்க போகுதுன்னு கேட்டீங்களே மாமா, அந்த ஜாடிக்குள்ளதான் போகுது, எட்டிப் பாருங்க" என்று மருமகள் சொல்லும்.

அதுவரை வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலேயே ஏலம் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை, ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த சின்ன ஊரில் ஓர் ஏலக் கூடத்துக்குக் கிளம்பினான். அங்கே இன்டர்நெட்டில் கேட்க முடியாதாம், ஆள் நேரில் வரவேண்டுமாம். அவனுக்கே அந்த இடம் புதுசு. நானும் வருகிறேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் இருந்து என்ன செய்ய?

உள்ளே போனால், ஒரு பழைய குதிரை லாயத்தைக் கூடமாக மாற்றிய மாதிரி இருந்தது. மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் காபி, டோனட். ஏலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால் பொருள்களைத் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். அங்கே ஆட்கள் பார்க்கிற விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் ஜாடியைக் குப்புறக் கவிழ்த்து, அடிவிளிம்பில் விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். ஓர் அம்மாள் கிண்ணத்துக்குள் டார்ச் அடித்து வெளிப்பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். ஒரு முழ உயர ஜாடியின் அடியில் வட்டமாக ஓட்டை இருந்தது. என்ன ஓட்டை என்று கேட்டேன். முன்பு வைத்திருந்த யாரோ அதை மேஜை விளக்காக்க ஒயர் விட்டிருக்கிறார்களாம். அந்த ஓட்டையோடு அதன் மதிப்பும் போய்விட்டதாம். அது ஏன், இது ஏன், இந்தச் சிவப்பு முத்திரை யாருடையது, பட்டுத் துணியில் மை எப்படி ஊறாமல் நிற்கிறது என்று நான் கேட்டுக்கொண்டே போனதில் மகன் சலித்துப்போனான்.

"அப்பா, கொஸ்டின் பேப்பர் மாதிரி கேட்டுட்டே இருக்காதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கேட்டாத்தானடா தெரியும்."

சுவர் ஓரமாக ஒரு படம் தொங்கியது. நீளவாக்கில், கீழே உருட்டுக்கட்டை வைத்து, சுருட்டக்கூடிய மாதிரி. ஒரு சுரைக்கொடி. இரண்டு இலை, ஒரு காய், ஒரு சுருள் இழை. எல்லாம் கறுப்பு மையில். முக்கால்வாசிக் காகிதம் வெறுமனே கிடந்தது.

"என்னாடா இது? அட்வான்ஸ் வாங்கின கொத்தனாரு பாதிச் சொவத்துல ஓடிப்போன மாதிரி இருக்கு."

"அது ஆன்டீக்கே இல்லப்பா. யாரோ லோக்கல் ஆர்ட்டிஸ்ட். விடுங்க, வாங்க."

மகன் தனக்கு ஒரு நம்பர் அட்டை வாங்கினான். எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். இரண்டு எதற்கு என்றான். என் பாஸ்போர்ட்டை எடுத்து, அட்டை கொடுக்கிற பெண்ணின் முன்னால் வைத்தேன். சிரித்துக்கொண்டே எனக்கென்று தனியாக ஒரு நம்பர் கொடுத்தது.

ஏலம் ஆரம்பமானது. மேடையில் நின்ற ஆள் பேசின வேகத்துக்கு எங்கள் ஊர்த் திருவிழா மைக்செட்காரன் தோற்றான். கை ஏறுகிறது, இறங்குகிறது, சுத்தியல் விழுகிறது. ஒரு நீலப்பூ ஜாடிக்குப் பின்வரிசையில் இரண்டு பேர் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். என் மகன் ஒரு குப்பியை ஏலத்தில் எடுத்தான். எனக்கு இரத்தம் சூடேறிவிட்டது. இதெல்லாம் நான் வளர்ந்த விளையாட்டு.

அப்போதுதான் அந்தச் சுரைக்கொடி வந்தது. இரண்டு ஆட்கள் மேலேயும் கீழேயுமாகப் பிடித்துக் காட்டினார்கள். முன்வரிசையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு சீனத்து மூதாட்டி தன் அட்டையைத் தூக்கினார். அதோடு கூடம் செத்துப்போனது. அதுவரை சளசளவென்று இருந்த கூட்டத்தில் ஒரு செருமல் இல்லை. காபி குடித்துக்கொண்டிருந்தவர்கூட டம்ளரை இறக்கிவிட்டார். மேடைக்காரரும் குரலைத் தணித்துக்கொண்டு, ஒரு தரம், இரண்டு தரம் என்று அவசரமாக முடிக்கப் பார்த்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயிலில் பங்குனி உத்திரம் முடிந்ததும், வேலில் செருகி வைத்த எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற பழம்தான். அங்கே அதன் விலை எங்கேயோ போய் நிற்கும். பழத்துக்காக யாரும் கேட்பதில்லை. நீ கேட்டால் நான் ஏற்றுவேன். நான் ஏற்றினால் சாமிக்கு மரியாதை, எதிரில் கேட்கிற உனக்கும் மரியாதை. எனக்குத் தொழிலில் போட்டியான இன்னொரு சூளைக்காரர் ஒரு வருஷம் ஏலத்துக்கு வராமல் போனார். நான் ஒற்றை ஆளாகக் கேட்டு ஒற்றை ஆளாக வாங்கினேன். அந்த வருஷம் வாங்கிய பழம் எனக்கு இனிக்கவே இல்லை. மேடைக்கு வந்த பொருள் ஒற்றைக் குரலில் போகக் கூடாது. போனால் அந்தப் பொருளை எல்லாரும் சேர்ந்து அவமானப்படுத்தியதாக அர்த்தம்.

ஆகவே அட்டையைத் தூக்கினேன்.

மொத்தக் கூடமும் திரும்பியது. மகன் என் முழங்கையைப் பிடித்தான்.

"அப்பா! கைய எறக்குங்க. என்ன பண்றீங்க?"

"நீ சும்மா இரு. அந்தம்மா தனியா நிக்கறாங்க."

மூதாட்டி திரும்பி என்னைத் தேடிப் பார்த்தார். நான் அட்டையோடு சேர்த்துக் கும்பிட்டேன். அவர் திரும்பிக்கொண்டு ஏற்றினார். நானும் ஏற்றினேன். அவர் மறுபடியும் ஏற்றினார். பின்னால் இருந்த தாடிக்கார வியாபாரி ஒருவர் என் தோளைத் தொட்டு, எனக்குப் புரியாத இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். ஊக்கம் கொடுக்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, இன்னும் ஒரு படி ஏற்றினேன். மூதாட்டி சற்று நேரம் படத்தையே பார்த்தார். அப்புறம் அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

சுத்தியல் விழுந்தது. படம் எனக்கு. எங்கள் ஊராக இருந்தால் மேளம் முழங்கியிருக்கும், அரோகரா போட்டிருப்பார்கள். இங்கே ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தாடிக்காரர் என் மகனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவன் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"அது அந்த லேடியோட ஹஸ்பண்ட் வரைஞ்ச பெயின்ட்டிங்ப்பா. இங்க ஒரு சைனீஸ் ரெஸ்டாரன்ட்ல குக்கா இருந்தாராம். வீட்டு ஓனர், டாக்டர், கஸ்டமர்னு யாராவது நல்லது செஞ்சா படம் வரைஞ்சு குடுத்துடுவாராம். அவர் எறந்துட்டார். படம் வாங்கினவங்களும் ஒவ்வொருத்தரா எறக்க எறக்க, அவங்க வீட்டு சாமானோட சேந்து இங்க ஏலத்துக்கு வருது. எது வந்தாலும் இவங்க வந்து வாங்கிடுவாங்களாம்."

"அதுக்கு?"

"அதுக்கா? அதனாலதான் இங்க ஒருத்தரும் கை தூக்க மாட்டாங்க. சைலன்ட்டா இருந்து, கம்மி விலைக்கு அவங்களுக்கே போக விட்டுடுவாங்க. அதான் ரெஸ்பெக்ட். உங்ககிட்டயே சொல்லியிருக்கார் அந்த மனுஷன், நீங்க தலையாட்டிட்டு மறுபடி பிட் பண்ணியிருக்கீங்க. நாளைக்கு நான் இந்த ஹாலுக்கு எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றது?"

எங்கள் ஊரில் குரல் கொடுப்பது மரியாதை. இங்கே குரலை அடக்குவது மரியாதை. நான் செய்த மரியாதையில் ஒரு பெண்மணி தன் புருஷன் கையால் வரைந்த படத்தை இழந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பிழைப்பில் எத்தனையோ பேரோடு மோதியிருக்கிறேன். இப்படி ஒருவரை, அதுவும் கும்பிட்டுக்கொண்டே, நான் கவிழ்த்ததில்லை.

பணத்தைக் கட்டிப் படத்தை வாங்கினேன். கிரெடிட் கார்டு மகனுடையது, பணம் என்னுடையது. ஊரிலிருந்து வரவழைத்து மறு வாரமே கொடுத்துவிட்டேன். சுருட்டிய படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, மகனையும் இழுத்துக்கொண்டு போனேன். மூதாட்டி காபி மேஜைக்குப் பக்கத்தில், தன் ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுடா. படம் அவங்களோடது. எனக்குத் தெரியாம நடந்துபோச்சு. ஒரு காசு வேணாம், எடுத்துக்கச் சொல்லு."

மகன் இங்கிலீஷில் சொன்னான். அவர் கையை நீட்டவே இல்லை.

"வேண்டாங்கறாங்கப்பா."

"சும்மா வாங்கக் கூச்சப்படுவாங்க. சரி, அவங்க கடைசியா கேட்ட விலையக் குடுக்கட்டும். மேல ஏத்தினது என் பாடு."

அதற்கும் வேண்டாமென்று தலையை ஆட்டினார். அப்புறம் மகனைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஏன் கேட்டீங்கன்னு கேக்கறாங்க. இந்தப் படம் எதுக்காக வேணும்னு நெனச்சீங்களாம்."

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரொம்பப் பிடித்திருந்தது என்று சொன்னால் அந்த அம்மாள் மனம் குளிர்ந்திருக்கும். என் வாயில் அது வரவில்லை. எலுமிச்சம்பழக் கதையைச் சொல்லச் சொன்னேன்.

"லெமன் ஆக்‌ஷன்னு சொன்னா சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். ஒண்ணு விடாம சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல மூதாட்டி வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நடுவில் ஒரு சந்தேகம் வந்தது அவருக்கு. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பழத்தை என்ன செய்தேன், ஊறுகாய் போட்டேனா? இல்லை, பூஜை அறையில் இருக்கிறது, காய்ந்து கொட்டைப்பாக்கு மாதிரி ஆகிவிட்டது என்றேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். மகன் அவரைப் பாதியில் நிறுத்தி எனக்குச் சொன்னான்.

"இவங்க எல்லாரும் ஏன் சைலன்ட்டா இருக்காங்கன்னு அவங்களுக்குத் தெரியுமாம்ப்பா. நல்லவங்க, எனக்காகத்தான் செய்யறாங்கங்கறாங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் படத்த எடுத்துட்டு வீட்டுக்குப் போறப்போ ஒரு டவுட் வருமாம். எனக்காக விட்டுக்குடுத்தாங்களா, இல்ல இந்தப் படம் யாருக்குமே வேணாமான்னு. இன்னைக்குத்தான் முதல் தடவையா இன்னொரு கை மேல போச்சாம். எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்க ஆசையா இருந்துதாம். அதனாலதான் ஏத்திக்கிட்டே போனாங்களாம்."

"அப்புறம் ஏன் விட்டாங்க? பணம் இல்லாமத்தான?"

மகன் கேட்டான். அவர் இல்லையென்று விரலை அசைத்தார்.

"பணம் இருந்துதாம். அவங்க ஹஸ்பண்ட் படம் ஒண்ணாவது, அது வேணும்னு நெனைக்கற ஒரு ஆள்கிட்ட போகட்டும்னு அட்டையக் கவுத்துட்டாங்களாம்."

வேணும்னு நினைக்கிற ஆள் நான் இல்லையே! அதைத்தானே இப்போது சொல்லி முடித்தேன்? அதனால் விடாமல் மறுபடியும் சொல்லச் சொன்னேன். படம் எனக்காக இல்லை, எனக்குப் படத்தில் ஒன்றும் தெரியாது, பாதி வேலையாகக் கிடக்கிறதென்றுதான் நினைத்தேன், ஆகவே இது உங்களிடம் இருப்பதுதான் நியாயம். மகன் "பாதி வேலை"யை விழுங்கப் பார்த்தான். விடவில்லை, அதையும் சொல்லவைத்தேன்.

மூதாட்டிக்குக் கோபம் வரவில்லை. மேஜையைத் தன் கைக்குட்டையால் துடைத்து, படத்தை வாங்கி, அதன் மேல் விரித்தார். சுருளைப் பிடித்து இழுக்கவில்லை. இடது கையால் தாங்கி, வலது கையால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்தார். என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, அந்த வெற்றிடத்தில் ஒரு இடத்தைக் காட்டினார்.

அங்கே ஒரு குளவி இருந்தது. மிளகை விடச் சிறியது. சுவரில் தொங்கியபோது நான் அதைப் பார்க்கவே இல்லை. அது காகிதத்தின் ஒரு மூலையிலிருந்து பூவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பூ எங்கே என்று தேடினேன். இலைக்குப் பின்னால், விளிம்பு மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் அந்த முக்கால்வாசிக் காகிதமும் குளவிக்கு இன்னும் பாக்கி இருக்கிற தூரம்! வெயில் நேரத்தில் சூளைப் பக்கம் குளவி வருகிற ரீங்காரம் எனக்குக் காதில் கேட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். அடுப்படியில் நின்று வேலை பார்த்த மனிதர், ஓய்வு நேரத்தில், ஒரு பூச்சிக்காக இவ்வளவு இடத்தை ஒதுக்கியிருக்கிறார்.

எவ்வளவு நேரம் குனிந்து நின்றேன் என்று தெரியாது. இடுப்பு பிடித்துக்கொண்டபோதுதான் நிமிர்ந்தேன். மூதாட்டி ஏதோ கேட்டார்.

"இப்போ யாராவது வந்து கேட்டா குடுப்பீங்களாங்கறாங்க."

"குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மகன் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அவர் சிரித்து, படத்தைச் சுருட்டி, நாடாவைக் கட்டி, என் இரண்டு கையிலும் வைத்தார். வெயில் படுகிற சுவரில் மாட்டக் கூடாது, வருஷம் முழுக்கத் தொங்கவிடக் கூடாது, அவ்வப்போது சுருட்டிப் பெட்டியில் வைத்துப் படத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அப்படியே செய்கிறேன். வெளியே எடுத்து மாட்டுகிற நாளில் நான் காபியோடு அதன் முன்னால்தான் உட்காருவேன். மருமகள்கூட இப்போது ஜாடியைத் திட்டுமே தவிர, இந்தப் படத்தைத் திட்டுவதில்லை.

இலையுதிர் காலத்தில் மூதாட்டியின் ஊர் நூலகத்தில், அதுவரை அவர் சேர்த்த கணவரின் படங்களை எல்லாம் மாட்டிக் காட்டினார்கள். சுரைக்கொடியைக் கடனாகக் கேட்டார். நானே மடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அந்தத் தாடிக்காரரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஓர் அட்டை. எல்லாவற்றிலும் "மனைவியின் சேகரிப்பு" என்று இருப்பதாக மகன் படித்துச் சொன்னான். என் படத்தின் கீழே மட்டும் "தனியார் சேகரிப்பு" என்று போட்டிருந்தது.

"தனியார்னா யாருடா?"

"நீங்கதாம்ப்பா. பேர் போடாம அப்படிப் போடறதுதான் இங்க டீசன்ட். தேவையில்லாம பேரக் காட்டிக்க மாட்டாங்க."

டீசன்ட் அவனோடு இருக்கட்டும். என் பேரைப் போடலாமா என்று, மகனைச் சொல்லவைத்து மூதாட்டியிடம் நான் நேரிலேயே கேட்டேன். சரி என்று சொல்லியிருக்கிறார். நூலகத்துக்காரர்கள்தான் யோசிக்கிறார்களாம். அவர்களுக்கு இதையும் யாராவது படித்துச் சொல்லட்டும். அந்தச் சமையற்காரரின் படங்கள் எல்லாம், நல்லவர்கள் வாய் மூடி நின்றதால், சத்தமில்லாமல் வீடு திரும்பின. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரே ஒரு படம், கூடமே திரும்பிப் பார்க்க, அவர் மனைவியின் கண் முன்னால் விலை ஏறியது. இன்றைக்கும் அந்தக் குளவியைப் பார்க்கும்போதெல்லாம், தெரியாமல் செய்த ஒரு காரியம் ஒரு மனிதரின் வேலைக்குக் கிடைக்க வேண்டிய குரலாகப் போய்ச் சேர்ந்ததே என்று எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. ஏற்றிவிட்டது நான். அடுத்த முறை அந்த அட்டையில் என் பெயரும் என் ஊர்ப் பெயரும் இருக்க வேண்டும்.